ஒரு சொட்டு ஒழுகாத தொட்டி

மலையடிவாரத்து இரும்புத் தண்ணீர்த் தொட்டியைப் பழுது பார்ப்பதா, புதிதாக வைப்பதா என்று முடிவு செய்ய, எங்கள் ஆறாவது மனுவுக்குப் பிறகு இன்று ஓவர்சியர் வந்தார்.

அதிகாரி வரும்போது தொட்டி ஒழுகினால் ஊருக்கு மரியாதையா?

தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் காசிம் பாய், விளக்கெண்ணெயில் சுண்ணாம்பு குழைத்துக் காலையிலேயே எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டார். பெண்கள் கீழே கழுவிக் கோலம் போட்டார்கள். மாலை வாங்கியது நான்.

ஓவர்சியர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்குது? எதுக்கு இத்தனை மனு?"

"ஒழுகிகினேதாங்க இருக்கும். காலையில நாந்தான் அடைச்சேன்" என்றார் பாய்.

"அடைச்சா நிக்குதில்ல? அப்புறம் என்ன? யுத்த காலத்துல இரும்புக்கு எங்க போறது?"

'நல்ல நிலை' என்று எழுதிக்கொண்டு மாலையோடு ஜட்கா ஏறினார்.

வண்டி தெருமுனை திரும்பும் முன்பே தொட்டி ஒழுக ஆரம்பித்துவிட்டது. கோலம் கரைந்தது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் இந்தத் தண்ணீரை நம்பித்தான் வரும்.

பாய் தலை குனிந்து நின்றார். "கொஞ்சம் மோசமா அடைச்சிருக்கலாங்க."

பாவம், அவர் என்ன செய்வார்? நாங்களும்தானே கோலம் போட்டோம்.

ஏழாவது மனு எழுதுகிறேன். அடுத்த அதிகாரிக்கு மாலை போடும் இடம், தொட்டிக்கு நேர் கீழே. ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.