பெருநாள் விருந்தில் ஆமைக்கறி

குருநகரில் ஆமைக்காக வாய் கிழியப் பேசுகிற பெண் யார் என்று கேட்டால் என் வீட்டைத்தான் காட்டுவார்கள். கடலாமைகளைக் காப்பாற்றப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எங்கள் கரையில் ஆள் தேடியபோது நானே முந்திக்கொண்டு சேர்ந்தேன். வலையில் ஆமை பட்டால் கொல்லாதீர்கள், வலையை வெட்டியாவது விட்டுவிடுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்தேன். அதை முதலில் கேட்டு நடந்தவர் என் அண்ணன். புது வலையை வெட்டி ஓர் ஆமையை விட்டார். பிறகு கடலுக்குத் தொழிலுக்குப் போகாமல் கரையிலிருந்து அந்த வலையின் கிழிசலைப் பொத்தித் தைத்துக்கொண்டிருந்தார்.

இந்த முறை தேவாலயப் பெருநாளுக்கு மச்சாள், என் கணவரின் அக்கா, எங்களை விருந்துக்குக் கூப்பிட்டார். அந்த ஆய்வாளர்களில் என்னோடு வேலை செய்த பெண்ணையும் கூட்டிவரச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மேசையில் ஆய்வாளர் என் பக்கத்தில், அண்ணன் எதிரே.

மச்சாள் கறிச்சட்டியைத் திறந்தார். அந்த வாசனை எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். ஆமை இறைச்சி. வந்த விருந்தாளிக்கு நல்லதாக ஏதாவது வைக்க வேண்டுமென்று தேடி வாங்கியிருக்கிறார். அவர்மேல் என்ன குற்றம்? ஊரெல்லாம் புத்தி சொன்ன நான் அவர் வீட்டில் மட்டும் அந்தப் பேச்சை எடுத்ததேயில்லை. மச்சாளோடு யார் மல்லுக்கட்டுவது?

"வடிவாச் சாப்பிடுங்கோ பிள்ளை," என்று அள்ளி வைத்தார்.

"என்ன இறைச்சி?" என்று ஆய்வாளர் என்னைக் கேட்டார்.

"ஆடு," என்றேன்.

மச்சாள் அடுத்த தட்டில் கறி வைக்கத் திரும்பிவிட்டார். ஆய்வாளர் உறைப்பில் மூக்கை உறிஞ்சியபடி இன்னும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஊரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். என் மானம் போய்விடுமே என்றுதான் பயந்தேன்.

அண்ணன் ஒரு துண்டை வாயில் வைத்தார். என்னைப் பார்த்தார். கை கழுவ எழுந்து போய்விட்டார். நானும் பின்னால் ஓடினேன்.

"அண்ணை, பெருநாளும் அதுவுமா பிரச்சினை வேண்டாமெண்டுதான்..."

"ஓம், விளங்குது," என்றார். கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நாளைக்கு ஆமை பட்டாலும் நான் வலையை வெட்டி விடுவன். ஆனா நீ இனி உந்தக் கதையோடை எங்கடை வீட்டுக்கு வராதை."

கை துடைக்கத் துவாயை நீட்டினேன். வாங்காமல், ஈரக் கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு போனார்.