சாயம் போகாத கிருமிகள்

போன திங்கட்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மைக்ரோஸ்கோப் வந்தது.

கல்முனை பஸ்ஸில், என் மடியில் உட்கார்ந்து வந்தது. பழசுதான். ஆனாலும் தலைமையாசிரியர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பத்து நிமிடம் பேசினார். என்னுடைய திறமை, விடாமுயற்சி, கூரிய அறிவு... நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

நினைக்கட்டும். உங்களிடம் மட்டும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற லீவில் ஓர் ஆஸ்பத்திரி லேப்பில், விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு இரண்டு வார வகுப்பு நடந்தது. பாக்டீரியாக்களை இனங்காண்பது எப்படி என்பது பாடம். கடைசி நாள் சோதனை. ஒரு கண்ணாடித் துண்டில் கிருமியைத் தடவித் தருவார்கள். அது என்ன கிருமி என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் நம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பழைய மைக்ரோஸ்கோப். தவறினால், ஆசாமி வகுப்புக்கு வந்துபோனார் என்று ஒரு கடிதம்.

இதை நான் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே தலைமையாசிரியரிடம் சொல்லியிருக்கக் கூடாது. அவர் அன்றைக்கே அலுமாரியின் நடுத்தட்டைக் காலி செய்து, புதுப் பூட்டுப் போட்டு, திறப்பை என் கையில் தந்துவிட்டார். ஏழு வருடமாக நான் கரும்பலகையில் வெண்கட்டியால் புள்ளி வைத்து, இதுதான் கிருமி என்று படிப்பித்து வருகிறேன். பிள்ளைகளும் பாவம், அந்தப் புள்ளியைக் கொப்பியில் பார்த்து எழுதி வருகிறார்கள். எனக்கே வெட்கமான பாடம் அது.

எனக்குப் பயம் இருந்ததா? இல்லை. ஏனென்றால் முதல் நாளே, வகுப்பு எடுத்த லேப் சேர் சொன்ன விஷயம் அப்படி. கிருமிக்குச் சொந்த நிறம் கிடையாதாம். நாம்தான் சாயம் போட வேண்டுமாம்!

நான் மருதமுனைக்காரன். எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது, நூலுக்குச் சாயமும் போடுகிறோம். எனக்கா சாயம் தெரியாது?

முறை லேசானது. கிருமியின் மேல் ஊதாச் சாயம். அதைப் பிடித்து நிறுத்த அயடின். பிறகு ஸ்பிரிட் விட்டுக் கழுவ வேண்டும். சில கிருமிகள் ஊதாவை விடாது, சில விட்டுவிடும். விட்டவை தெரிவதற்காகக் கடைசியில் ஒரு சிவப்புச் சாயம். தோலில் வாழும் ஸ்டெபிலோகொக்கஸ் ஊதா நிறத்தில், மீன் சினை போலக் குவியலாகத் தெரியும். குடலில் வாழும் ஈ. கோலை, ரோஸ் நிறத்தில் குச்சி குச்சியாகத் தெரியும்.

மற்றவர்களுக்குத் தெரிந்தது. எனக்கு எல்லாமே ஊதா.

குவியலும் ஊதா. குச்சியும் ஊதா. முதல் வாரம் முழுவதும் ஊதா! என்னை விடப் பத்து வயது இளையவரான லேப் சேர், யாழ்ப்பாணத்துக்காரர், என் கண்ணாடித் துண்டை நீண்ட நேரம் பார்த்தார். இப்படி ஓர் ஈ. கோலை உலகத்திலேயே இல்லை என்றார்.

“மாஸ்டர், ஸ்பிரிட் எவ்வளவு நேரம் விட்டனீங்கள்?”

“ஒருக்கா காட்டினன் சேர்.”

“காட்டினாக் காணாது. கழுவ வேணும்.”

காட்டினால் போதாது, கழுவ வேண்டும் என்பது எனக்கும் தெரியும். இரண்டாவது வாரமும் கைதான் கேட்கவில்லை. ஸ்பிரிட் பட்டு ஊதா ஓடத் தொடங்கிய உடனே, என் கை தானாகத் தண்ணீரை ஊற்றி அதை நிறுத்திவிடுகிறது.

ஏன் என்று எங்கள் ஊரவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுத் தறியில் நெய்த சாரன் முதல் கழுவலில் சாயம் விட்டால், வாங்கியவர் சண்டைக்கு வர மாட்டார். ஈரத்தோடு கொண்டுவந்து அந்த வீட்டு வேலியில் போட்டுவிட்டுப் போவார். அது காய்வதற்குள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிடும். ஒரு தடவை எங்கள் வேலியிலும் அப்படி ஒன்று கிடந்தது. அந்த வெள்ளிக்கிழமை வாப்பா ஜும்ஆவுக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றார். சாயம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும் கை, எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

சோதனைக்கு முதல் நாள் பின்னேரம், கிணற்றடியில் நின்று மனைவியிடம் புலம்பினேன். அவள் சாயம் போட்ட நூல் கழிகளை அலசிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும் வரை அவள் கை நிற்கவில்லை. அலசுகிறாள், பிழிகிறாள், தண்ணீரை மாற்றுகிறாள், மறுபடி அலசுகிறாள். நீலம் நீலமாக ஓடுகிறது! இப்படி ஓடவிடலாமா என்று பதறிப்போய்க் கேட்டேன்.

“தண்ணி தெளியிற வரைக்கும் அலசத்தானே வேணும்? நாம இஞ்ச அலசாட்டி, வாங்கினவங்கட வீட்டில போய் ஓடும்.”

“தெளிஞ்ச பொறகு?”

“தெளிஞ்சா விட்டுரணும். சும்மா போட்டுக் கசக்கப்படா.”

கலியாணம் முடித்துப் பதினொரு வருடம். நூல் அலசுவதை அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். எங்கள் ஊரில் சாயத்தின் மானம் ஆண்களுடையது; அலசுவது பெண்கள். மானத்தை மட்டும் வைத்துக்கொண்டு நான் லேப்புக்குப் போயிருக்கிறேன்.

மறுநாள் சோதனை. ஸ்பிரிட்டைத் துளித் துளியாக விட்டேன். ஊதா ஓடியது. கை தண்ணீரைத் தேடிப் போனது; பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பிடித்து வைத்தேன். ஓடட்டும்... ஓடட்டும்... வழிந்த துளி தெளிந்தது. உடனே தண்ணீர். பிறகு சிவப்பு.

கண்ணை வைத்துப் பார்த்தேன். ஊதாக் குவியல்கள். அவற்றுக்கு நடுவே ரோஸ் நிறக் குச்சிகள்! ஒன்றல்ல, இரண்டு கிருமிகளைக் கலந்து தந்திருக்கிறார்கள். இரண்டின் பெயரையும் எழுதினேன். லேப் சேர் பார்த்துவிட்டு, சரி என்றார். எனக்குக் கண் கலங்கியது. ஸ்பிரிட் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

மைக்ரோஸ்கோப் வந்த கதை அவ்வளவுதான். தலைமையாசிரியர் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைத் தவறாமல் வாசிப்பவர். அவரும் தெரிந்துகொள்ளட்டும்.

வியாழக்கிழமை மைக்ரோஸ்கோப்பை, சுத்தம் செய்ய வேண்டும் என்று அனுமதி கேட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். சோதனையில் பாஸான அதே கண்ணாடித் துண்டை வைத்து, மனைவியைப் பார்க்கச் சொன்னேன். முக்காட்டை ஒதுக்கி, ஒரு கண்ணை மூடி, துண்டை அப்படி இப்படி நகர்த்தி நிறைய நேரம் பார்த்தாள். பாராட்டுக்காகக் காத்து நின்றேன்.

“ஓம், சாயம் நல்லாத்தான் புடிச்சிரிக்கி. இந்த ஓரத்திலதான் சரியா அலசல்ல.”

குனிந்து பார்த்தேன். அந்த ஓரத்தில் குச்சிகள் எல்லாம் ஊதா.