அத்தை கேட்ட வரம்

பிசைந்த சோற்றின் முதல் கவளத்தை அத்தை தன் வாயில் போட்டு, மாமா பார்க்கும்படி மென்று விழுங்கிக் காட்டினாள். அடுத்த கவளத்தை அவர் உதட்டருகே கொண்டுபோனாள். அவர் பல்லை இறுகக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குற்றாலத்தில் கல்லூரி விட்டு, இலத்தூருக்கு அவர்களைப் பார்க்கப் போயிருந்த ஒரு சாயங்காலம், வாசற்படியில் நின்று நான் பார்த்தது இது.

அத்தை என் அப்பாவின் தங்கை. பிள்ளை இல்லை. மாமா செங்கோட்டையில் வேறொருத்தியோடு குடித்தனம் போட்டபோது அவள் பஞ்சாயத்துக்கோ போலீசுக்கோ போகவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை உச்சிவெயிலில் குளத்தங்கரை இசக்கியம்மன் கோயிலுக்குப் போய், தலையை விரித்துப் போட்டு, மண்ணை வாரி எறிந்தாள். இசக்கி எங்களுக்குத் தூரத்துத் தெய்வமல்ல. தான் நம்பிக் கூடப்போனவனே காட்டில் கொன்றுபோட்ட பெண். பேயாகத் திரும்பி வந்து அவனைப் பழிதீர்த்தவள். கோயில் கொடைவிழா அன்று வில்லுப்பாட்டில் அந்த இடம் வரும்போது பந்தலில் பேச்சுமூச்சு இருக்காது. அத்தை வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை, உதடுதான் அசைந்தது என்றார்கள் பார்த்தவர்கள். அவள் என்ன கேட்டிருப்பாள் என்பதை ஊரே முடிவுசெய்துகொண்டது.

அடுத்த சாரல் மழைக்காலத்தில் குற்றாலம் ரோட்டில் மாமாவின் பைக் லாரியில் மோதியது. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. செங்கோட்டைக்காரியின் அண்ணன்மார் அவரை லோடு ஆட்டோவில் கொண்டுவந்து அத்தை வீட்டில் கிடத்திவிட்டுப் போனார்கள். அதன்பிறகு பிள்ளைத்தாய்ச்சிகள் அந்தத் தெருவையே தவிர்த்துச் சுற்றிப் போனார்கள்.

அத்தை அவரைத் துடைத்துவிட்டாள், புரட்டிப் படுக்கவைத்தாள், மலம் அள்ளினாள். அதற்கெல்லாம் இசைந்தவர், அவள் கொடுத்ததைத் தின்ன மட்டும் வாய் திறக்கவில்லை. “கொல்லத்தான் சோறு போடுதா மச்சான். என்னைய இங்கேருந்து கூட்டிட்டுப் போயிரும்” என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பா கூட்டிவரத்தான் நினைத்தார். அம்மா சம்மதிக்கவில்லை. இசக்கிக்கு நேர்ந்துவிட்ட உயிரைத் தடுத்தால், பதிலுக்கு நம் பிள்ளைகளை எடுத்துக்கொள்வாள் என்றாள். அப்பா கடையில் வாங்கிக்கொண்டு போகும் இட்லியை மட்டும் மாமா தின்றார். அப்பா போக முடியாத நாட்களில் தண்ணீர்கூட இறங்கவில்லை. தென்காசி ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். மழைக்காலம் முடிவதற்குள் எலும்பும் தோலுமாகச் செத்துப்போனார்.

படுக்கைப்புண்ணும் பட்டினியும் சேர்ந்து அவரைக் கொன்றன. ஊர், “இசக்கி எடுத்துட்டா” என்றது. துட்டி விசாரிக்க வந்த பெண்களில் ஒருத்திகூட அத்தையைக் கட்டிக்கொண்டு அழவில்லை. பிணத்தைத் தூக்கிய பிறகு அவள் கழுவப்படாத சோற்றுக் கையோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

இப்போது அவளுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. புருஷன் கைவிட்ட பெண்கள் பழத்தட்டும் கண்ணாடி வளையலுமாக அவளைத் தேடி வருகிறார்கள். போன மாதம் நான் அங்கே இருந்தபோது சுந்தரபாண்டியபுரத்திலிருந்து ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள். புருஷன் கேரளாவில் இன்னொருத்தியோடு இருக்கிறானாம்.

“ஆச்சி, எனக்காக நீங்க ஒரு பிடி மண்ணு வாரி எறியணும்” என்றாள்.

அத்தை அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். “அன்னைக்கு நான் என்ன கேட்டேன்னு ஒனக்குத் தெரியுமாட்டி? அவுக நாசமாப் போகணும்னு கேக்கல. வீட்டுக்குத் திரும்பி வந்திரணும், என் கண்ணு முன்னால கெடக்கணும்னுதான் கேட்டேன். வந்து கெடந்தாகல்லா.”

இத்தனை வருடங்களில் எங்களில் யாரும் அவளிடம் கேட்டறியாததை, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்:

“எனக்கும் அது போதும் ஆச்சி. அப்படியே வந்து கெடக்கட்டும்.”