ஆளில்லாக் கல்லறை

அவள் வந்து இறங்கிய அன்றே எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. மறைப்பானேன்? பாறசாலை ஸ்டேஷனுக்கு அவளை அழைக்கப் போனவர் என் அப்பா. எண்பது வயது. நான் காட்டாக்கடையிலிருந்து பஸ்ஸில் வந்தால் வீட்டுப்படிகூட இறங்காத மனுஷன், ஆட்டோ பிடித்துப் போய் அவள் பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

"எனக்க தங்கச்சியாக்கும்" என்று ஆட்டோக்காரரிடம் வேறு பெருமை.

தங்கச்சியாம்! போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்தவள், என்னைவிட இரண்டு வயது இளையவள். முறைக்கு எனக்கு மாமி, அதாவது அத்தை. ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு ஒரு மாமி முளைத்தாள்.

விஷயம் இதுதான். என் பூட்டன், அதாவது அப்பாவின் தாத்தா, நீலகிரியில் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போன இடத்தில் கங்காணியை வெட்டிக் கொன்றுவிட்டார். தீவாந்தரத் தண்டனை. கப்பலேற்றி அந்தமானுக்கு அனுப்பினார்கள். ஊரில் அவருக்கு மனைவியும் மூன்று வயது மகனும் இருந்தார்கள். அந்த மகன்தான் என் பாட்டா, அப்பாவின் அப்பா. அங்கே சில வருஷம் மரம் வெட்டிக் கல்லுடைத்தபின், ஒழுங்காக நடந்தார் என்று பூட்டனுக்குக் கொஞ்சம் நிலம் கொடுத்துக் கல்யாணம் கட்டவும் விட்டார்களாம். இன்னொரு கைதியின் மகளைக் கட்டினார். இவள் அந்த வழிப் பேத்தி. தாத்தா சொன்ன ஊர்ப்பெயரை வைத்துப் போன மாதம்தான் அப்பாவைத் தேடிப் பிடித்தாள்.

எங்களுக்கு மிஞ்சியது 'வெட்டுக்காரன் வீடு' என்ற பெயர். எனக்கு வந்த மூன்று சம்பந்தங்கள் அந்தப் பேச்சில் முறிந்தன. நாலாவதாக வந்தவருக்குக் கல்யாணத்துக்கு மறுநாள்தான் தெரிந்தது. நல்ல மனுஷன், சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்தேன். அப்பா தன் தட்டிலிருந்த நடுத்துண்டு மீனை எடுத்து அவளுக்குப் போட்டார். "நல்லா திண்ணு மக்கா." எனக்கு வால்துண்டு.

பொறுக்காமல் கேட்டேன். "அங்க உங்கள யாரும் ஒண்ணும் சொல்லல்லியா? கொலகாரன் வீட்டு ஆளுன்னு?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "யாரு சொல்லுவா? எங்க தெருவுல எல்லார் தாத்தாவும் கைதிதான். பக்கத்து வீட்டுத் தாத்தா ரெண்டு பேரக் கொன்னவரு. எங்க தாத்தா ஒருத்தரத்தானே! அதனால எங்களுக்குக் கொஞ்சம் மரியாதை."

அடிப்பாவி! நான் அழுது தீர்த்த விஷயம் இவளுக்குச் சிரிப்பாக இருக்கிறது. தாத்தா மடியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டாளாம். வெட்டியது ஒருவர், அவர் பாட்டும் மடியும் அவளுக்கு, வெட்டரிவாள் மட்டும் எங்களுக்கு. எந்த ஊர் நியாயம் இது?

ஆனால் என் கையிலும் ஒன்று இருந்தது. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் வருஷத்துக்கு ஒருமுறை குடும்பயோகம் நடக்கும். ஒரே வேரில் வந்தவர்கள் எல்லாரும் சர்ச் ஹாலில் கூடி, ஜெபித்து, சாப்பிட்டுப் பிரிவோம். இந்த முறை குடும்பச் சரித்திரப் புத்தகம் அச்சிடுகிறோம். செக்ரட்டரி நான். பூட்டன் பெயருக்குக் கீழே 'ஒரே மகன்' என்று எழுதி வைத்திருந்தேன். அவளைப் பார்த்தபின் அதை மாற்றுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் காலை அவளைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். நல்ல எண்ணத்தில் இல்லை. பூட்டன் எங்களுக்கும் சொந்தம் என்று காட்டத்தான். அவர் பெயர் வெட்டிய கல்லைப் பார்த்து அவள் திகைத்து நின்றாள்.

"தாத்தாவ அங்கதானே அடக்கம் பண்ணினோம்? நானே பூப் போட்டேனே."

"உள்ள ஆளில்ல. கப்பலேறி ரெண்டாம் வருஷம் இஞ்ச உள்ளவங்க கல்லு வச்சிட்டாங்க. உயிரோட இருக்க கொலகாரனுக்குப் பிள்ளைன்னு சொல்லதவிட, செத்தவனுக்குப் பிள்ளைன்னு சொல்லது மேலுன்னு. வருஷாவருஷம் வெள்ளையடிச்சு மெழுகுதிரி வைக்கது நானாக்கும்."

அவள் கல்லைத் தொட்டுப் பார்த்தாள். "அதான் அவரு போட்ட கடுதாசி எல்லாம் திரும்பி வந்துச்சா?"

கடுதாசி வந்த கதையே எனக்குத் தெரியாது. செத்தவன் எழுதிய கடிதத்தை யார் கைநீட்டி வாங்குவார்கள்? அவளோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

வீட்டில் அப்பா ஒரு காகிதத்தை நீட்டினார். முந்தின ராத்திரியே, என்னிடம் கேட்காமல், அவளிடம் குடும்பப் புத்தகத்தின் படிவத்தைக் கொடுத்து நிரப்ப வைத்திருக்கிறார். "இதயும் சேத்துக்கோ மக்கா." வாங்கிப் பார்த்தேன். பூட்டனின் பிள்ளைகள் என்ற இடத்தில் முதலாவதாக என் பாட்டாவின் பெயர். இரண்டாவதாக அவளுடைய அப்பா பெயர். அதே பெயர்தான், முன்னால் 'சின்ன' என்று மட்டும் சேர்த்து.

"எங்க பாட்டாவுக்க பேர எதுக்கு ரெண்டு தடவ எழுதினீங்க?" என்று சீறினேன்.

"எங்க அப்பா பேரே அதுதான். எங்க வீட்ல அப்பாதான் மூத்தவரு. ஆனா தாத்தா அவரக் கடைசிவரைக்கும் 'சின்னவனே'ன்னுதான் கூப்பிட்டாரு. 'பெரியவன் ஊர்ல இருக்கான்'னு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லுவாரு. மீன் பொரிச்சா மொத துண்டு பெரியவனுக்குன்னு தனியா எடுத்து வைப்பாரு. எல்லாரும் சாப்பிட்டப்புறம்தான் அது அப்பாவுக்கு. 'ஒரு நாளாவது என்னப் பெரியவனா வச்சாரா'ன்னு அப்பா சாகிறவரைக்கும் கேட்டாரு. கண்ணுல பாக்காத ஒருத்தர் மேல அவ்வளவு பொறாமை."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்க அப்பன் இத அறியாமத்தானே செத்தாரு" என்றார்.

பாட்டாவை நான் பார்த்திருக்கிறேன். தன்னைப் பெற்றவர் தன்னை மறந்துபோனார் என்றே நம்பியவர். 'வெட்டுக்காரன் மகனே' என்று சந்தையில் யாராவது கூப்பிட்டால் தலைகுனிந்து திரும்பிப் பார்ப்பார்.

'ஒரே மகன்' என்பதை அடித்துவிட்டு 'பெரியவன்' என்று எழுதினேன். அதன் கீழே 'சின்னவன்'. எழுதும்போதும் பொறாமைதான். பெரியவன் என்று சொன்ன அந்தக் குரலை இவள் காதாரக் கேட்டிருக்கிறாள். என் பாட்டா கேட்கவில்லை.