உப்பு நார்த்தங்காய்

பாரிசில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு மளிகைக் கடை வாசலில் நிற்கிறேன். கையில் உப்பு நார்த்தங்காய்ப் பொட்டலம். திருச்சியில் எங்கள் பள்ளியை நடத்திய பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிக்கு, பழைய மாணவிகள் கொடுத்தனுப்பியது. வயதானதும் அவரைச் சபை பாரிசுக்கே திருப்பி அழைத்துக்கொண்டது. மடத்திலிருந்து ஒரு சிஸ்டர் இங்கே வந்து பொட்டலத்தை வாங்கிக்கொள்வார் என்றார்கள். அரை மணி நேரமாக வெள்ளை அங்கியையும் முக்காட்டையும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

"அக்கா, ஆரைப் பாக்கிறியள்?" என்கிறார் கடைக்காரர். சொல்கிறேன். சிரித்துவிட்டு, உள்ளே முருங்கைக்காய் பொறுக்கும் பெண்ணைக் காட்டுகிறார். "சிஸ்டர் அங்கை நிக்கிறா."

நீல ஸ்வெட்டர், கழுத்தில் சின்னச் சிலுவை. மன்னார்க்காரராம்.

"நீங்க பாரிஸ்ல மிஷனரியா?" என்று உளறுகிறேன்.

"ஓம். எங்கட சபையில சொந்த நாட்டுக்கு அனுப்பமாட்டினம். அவவை உங்களிட்டை அனுப்பினவை, என்னை இஞ்சை அனுப்பியிருக்கினம்."

"பெரிய சிஸ்டர் எப்படி இருக்காங்க?"

"மறதி கூடிப்போச்சு. விடிஞ்சால் பெட்டியை அடுக்கிப்போட்டு, ஊருக்குப் போகவேணும் எண்டுறா. பிறந்தது பாரிசிலயே, ஸ்டாலின்கிராட் எண்ட பக்கத்துப் பகுதியில, இஞ்சையிருந்து நடந்தே போகலாம். கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினன். இது இல்லை எண்டு அழுதவ."

பொட்டலத்தை நீட்டுகிறேன். அவர் குனிந்து முகர்ந்து பார்க்கிறார்.

"இதைக் குடுத்தால், ஊருக்கு வந்திட்டன் எண்டு ஆறுவாவோ, பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னும் கெதியா வெளிக்கிடுவாவோ, எனக்குத் தெரியேல்லை. நீங்கள் சொல்லுங்கோ."

பொட்டலத்தின் ஒரு முனையை அவரும் மறுமுனையை நானும் பிடித்தபடி நிற்கிறோம்.