தெரிந்ததைக் கேட்ட நாள்

பள்ளியில் எல்லோரும் அவளைத் 'தற்காலிகம்' என்றுதான் கூப்பிடுவார்கள். தலை நரைத்த பிறகும் வேலை நிரந்தரமாகவில்லை. அந்தப் பெயர் மட்டும் நிரந்தரமாகிவிட்டது.

"என்ன தற்காலிகம், இன்னிக்கு ஆய்வாளர் வர்றார். அவர் கையெழுத்துப் போட்டுட்டா உனக்கு வேற பேர் வைக்கணுமே!" என்று சிரித்தார் தலைமையாசிரியர்.

அவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. வீட்டில் இடுப்பொடிந்து கிடக்கும் கணவன் அந்தக் கையெழுத்தைத்தான் நம்பியிருந்தான்.

மலைக்குடிப் பிள்ளைகளின் வகுப்பு அவளுடையது. அவளும் அந்தக் குடியில் பிறந்தவள்தான். அங்கே யாரும் உட்காரவைத்துப் பாடம் நடத்துவதில்லை. பெரியவர்கள் வேலை செய்வார்கள். பிள்ளைகள் ஒட்டி உட்கார்ந்து பார்ப்பார்கள். கை துணிந்த அன்று தாங்களே செய்வார்கள். அவளும் அப்படித்தான், கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருப்பாள். பிள்ளைகள் காலடியில் நெருக்கியடித்துக்கொண்டு பார்ப்பார்கள். திடீரென்று ஒருநாள் யாராவது எழுந்து சாக்கட்டியை வாங்கிக்கொள்வார்கள்.

ஆய்வாளர் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனார். "ஏம்மா, நீ பாட்டுக்கு எழுதுறே, இதுங்க பாட்டுக்கு வேடிக்கை பாக்குதுங்க. கேள்வி கேளும்மா! பதில் வந்தாத்தானே நான் ஏதாவது எழுத முடியும்?"

வேறு வழியில்லாமல் அவள் மூலையிலிருந்த வாளியைக் காட்டினாள். "இது என்ன?"

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தெரிந்ததைப் போய் யாராவது கேட்பார்களா? எப்போதும் அவள் காலை ஒட்டியே உட்காரும் குட்டிப்பெண்ணுக்கு முகம் வெளுத்தது. எழுந்து, அவள் கையைப் பிடித்து மூலைக்கு அழைத்துப்போய் வாளியின் விளிம்பில் வைத்தாள்.

"அக்கா, கண்ணு தெரியலையா? எப்பேர்ந்துக்கா?"

ஆய்வாளர் குலுங்கிச் சிரித்தார். கெட்ட மனிதர் அல்ல. "சரிம்மா, இன்னொரு தடவை கேளு. நான் இருக்கேன்."

அவள் குனிந்து குட்டிப்பெண்ணின் கன்னத்தைத் தொட்டாள். "எனக்கு நல்லாத் தெரியுது தங்கம். தெரிஞ்சேதான் கேக்குறேன். நீங்க சத்தமாச் சொல்லணும்."

"தெரிஞ்சா எதுக்குக்கா கேக்குறீங்க?"

"சொல்லுங்களேன்... அக்காவுக்காக."

அவ்வளவுதான், கூரை அதிர்ந்தது. "வாளி!" பிறகு கதவு, ஜன்னல், நாற்காலி. ஆய்வாளரின் பேனா துள்ளி ஓடியது. "இப்பத்தாம்மா இது வகுப்பு மாதிரி இருக்கு" என்று கையெழுத்திட்டுவிட்டுப் போனார்.

அவள் சுவரில் சாய்ந்தாள்.

"இனிமே தினமும் கேப்பீங்களாக்கா?" என்றாள் குட்டிப்பெண்.

"கேட்டுத்தான் ஆகணும், தங்கம்."

"அப்ப நாங்க உங்களையே பாத்துக்கிட்டு இருக்க வேணாம். கேட்டாச் சொன்னாப் போதும்."

சொல்லிவிட்டுப் பின்னால் கிடந்த பெஞ்சில் போய்க் கைகட்டி உட்கார்ந்தாள். மற்ற பிள்ளைகளும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவள் காலடியில் தரை வெறிச்சோடிப்போனது. பாவி மகள், வேலை நிரந்தரமான அன்றைக்கா அப்படி அழுவாள்!