பதினொன்றரை அடி உயரத்துத் தண்ணீர்

போன வருஷம் என் வலது தோள் இறுகிப்போனது. விழவில்லை, அடிபடவில்லை. ஒரு நாள் காலையில் கொடியில் சேலையைப் போடக் கையை உயர்த்தினேன். தோள்மட்டத்துக்கு மேலே போக மறுத்துவிட்டது. சர்க்கரை இருப்பவர்களுக்கு இப்படி வருவதுண்டு, தானாகவே விட்டுவிடும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும் என்று நாமக்கல்லில் டாக்டர் சொன்னார்.

புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் சத்துணவு அமைப்பாளர். பதிவேடு எழுதுவதற்குக் கையைத் தூக்க வேண்டியதில்லை. சமையல், துணி எல்லாவற்றையும் எப்படியோ சமாளித்துக்கொண்டேன். தலைக்குக் குளிப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. இடது கையால் தண்ணீரை மொண்டு ஊற்றலாம். ஆனால் ஊற்றுகிற கையேதான் தேய்க்கவும் வேண்டும். சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் தேய்ப்பதற்குள் நுரை கண்ணுக்குள் இறங்கிவிடும்.

பிள்ளைகள் இருவரும் வெளியூரில். வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும்தான். அவர் இருபத்திரண்டு வருஷம் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தவர். ஆழ்குழாய்க் கிணறு போட்டுக்கொண்டு ஊர் ஊராக, மாநிலம் மாநிலமாகச் சுற்றியவர். வருஷத்துக்கு இரண்டு முறை வருவார், பத்து நாள் இருப்பார், போய்விடுவார். வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. கல்யாணமாகி முப்பது வருஷமாகியும் நாங்கள் ஒருவருக்கொருவர் கொஞ்சம் புதியவர்களாகத்தான் இருந்தோம்.

அவர்தான் எனக்குத் தண்ணீர் ஊற்றினார். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஊற்றுவார். பாதித் தண்ணீர் தோளில் விழும், பாதி தரையில் விழும். "போதுமா அம்மிணி?" என்பார். போதவில்லை என்றாலும் "போதுமுங்க" என்பேன். இரண்டு பேருக்கும் கூச்சம். தலைக்குக் குளிப்பதை நான் தள்ளிப்போட ஆரம்பித்தேன். ஒரு வாரம் இரண்டாகி, இரண்டு மூன்றானது. தலையை முந்தானையால் மூடிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போனவர் வெகுநேரம் இறங்கவில்லை. எட்டிப் பார்த்தேன். படிக்கட்டு அறையின் மேலே இருக்கிற தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, கயிற்றில் ஒரு நட்டைக் கட்டிக் குளியலறை ஜன்னலுக்கு நேராகத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

"ஷவர் வெக்கலாம்னு. கெளம்பு, சேலத்துக்குப் போயிட்டு வந்தரலாம்."

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பெரிய கடை. உள்ளே ஒரு சுவர் முழுவதும் ஷவர்கள். தட்டு மாதிரி, பூ மாதிரி, போன் ரிசீவர் மாதிரி. நடுவில் ஒன்றில் மட்டும் தண்ணீர் ஓட விட்டிருந்தார்கள். முறம் அகலத்தில் சதுரத் தகடு. அதிலிருந்து தண்ணீர் நூல் நூலாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், தறியில் பாவு இறங்குகிற மாதிரி இறங்கியது. இடது கையை நீட்டினேன். உள்ளங்கையில் அத்தனை நூலும் தனித்தனியாகத் தெரிந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை.

"இதுவே வாங்கிக்கலாமுங்க" என்றேன்.

கடையில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். "அக்கா, இது மோட்டார் வெச்சு ஓடுதுங்க. உங்க ஊட்டுல தொட்டி எவ்வளவு ஒசரத்துல இருக்குதுங்க?" என்று கேட்டாள்.

என் வீட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து அந்தக் கயிற்றை எடுத்தார். ஒரு முனையில் நட்டு, இன்னொரு முனையில் முடிச்சு. கடையின் பளபளப்பான தரையில் குந்தி, கயிற்றை நேராக நீட்டி வைத்தார். வாங்க வந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பெண் டேப்பைக் கொண்டுவந்து அளந்தாள்.

"தொட்டி அடியிலிருந்து ஷவர் வர்ற எடம் வரைக்குமுங்களா? பதினொன்றரை அடி. நல்ல ஒசரமுங்க. இத்தனை வருசத்துல ஒசரத்தைக் கையோட கொண்டுவந்த மொத ஆளு நீங்கதாங்க."

பெரிய தகட்டுக்கு அந்த உயரத்திலிருந்து இறங்குகிற வேகம் பத்தாது என்று சொல்லி, சாப்பாட்டுத் தட்டில் பாதி அளவுள்ள வட்டமான ஒன்றைக் காட்டினாள். ஓட்டைகளின் நுனியில் மெல்லிய ரப்பர். "நம்ம பக்கம் உப்புத் தண்ணி. உப்புப் படிஞ்சா வெரல்ல தேச்சு உட்டாப் போதும், போயிரும்." சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் கலந்து வர ஒரு மிக்சர், கையில் எடுத்துப் பிடித்துக்கொள்ள இன்னொரு சின்ன ஷவர். மிக்சரின் பிடியைச் சுண்டுவிரலால் தூக்கிப் பார்த்தேன். தூக்க முடிந்தது. வாங்கிக்கொண்டோம்.

ராசிபுரத்திலிருந்து ஒரு பிளம்பர் வந்தார். சுவருக்குள் பழைய குழாய் எந்த வழியாகப் போகிறது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. வீடு கட்டும்போது என் வீட்டுக்காரர் எங்கோ வெளிமாநிலத்தில் இருந்தார். நான் பார்த்தேன், மறந்துவிட்டேன். பிளம்பர் டைல்ஸின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"அக்கா, கொழாயத் தொறங்க... மூடுங்க... மறுக்காத் தொறங்க."

கண்ணை மூடிக்கொண்டு கையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். பிறகு பென்சிலால் ஒரு கோடு போட்டார். "இதுலதாம் போவுதுங்க." வெட்டிப் பார்த்தபோது கோட்டுக்கு நேர் கீழே குழாய் இருந்தது, ஒரு விரல்கூட விலகவில்லை. என் வீட்டுக்காரர் அந்தக் குழாயையும் பிளம்பர் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "தண்ணி இருக்குதான்னு எந்திரம் வெச்சுப் பாத்த எடத்துலயே நாங்க ஏமாந்துருக்கறோம்" என்றார்.

ஷவரை எந்த உயரத்தில் வைப்பது என்று பிளம்பர் கேட்டார். என் வீட்டுக்காரர் ஆறடி. நான் அவர் தோளுக்குத்தான் வருவேன்.

"அவ ஒசரத்துக்கு வைங்க. நான் குனிஞ்சுக்கறேன்."

பூச்சு காய இரண்டு நாள் விட்டு, பிளம்பர் மறுபடி வந்து எல்லாவற்றையும் பொருத்தினார். வட்டத் தட்டை மட்டும் மாட்டவில்லை. "கொழாய்க்குள்ள இருக்கற மண்ணு மொதல்ல வெளிய போவட்டுமுங்க" என்று மிக்சரைத் திறந்தார். காற்று சீறியது. பிறகு செம்பழுப்பாகக் கொஞ்சம் தண்ணீர் துப்பியது. நின்றது. மறுபடி துப்பியது. நிறம் வெளுத்துக்கொண்டே வந்து, கண்ணாடி மாதிரி ஆனது.

என் வீட்டுக்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிளம்பர் வேலையை முடித்துவிட்டுப் போன பிறகும் குளியலறைக் கதவோரமாகவே நின்றார். பிறகு தானாகப் பேச ஆரம்பித்தார்.

"ஒரு ஊருல நாங்க போட்ட மூணு ஆழ்கொழாயும் பொய்யாப் போச்சு அம்மிணி. வெறும் தூசி. நாலாவது போடறப்ப எண்ணூறு அடி தாண்டியும் தூசிதான், ஊரையே மூடுது. பொம்பளைங்க கொடத்தோட காலையில இருந்து உக்காந்திருக்காங்க. திடீர்னு தூசி நின்னு போச்சு. சேறு வந்துது. அப்பறம் தண்ணி, வண்டிக் கம்பத்துக்கும் மேல போச்சு. ஒருத்தரும் கொடத்த எடுக்கல. எல்லாரும் வந்து அதுக்கடியில கண்ண மூடிட்டு நின்னுட்டாங்க. ஒருத்தி சிரிக்கறா, அழுவறா, ரெண்டும் ஒண்ணா. தண்ணியத் தூக்கி அடிக்கற கம்ப்ரசர நான் நிறுத்தணும். நிறுத்தல. கொஞ்ச நேரம் அப்படியே உட்டுட்டேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் இதை எனக்கு அவர் சொன்னதில்லை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் லாரி டயர், டீசல், சாப்பாடு சரியில்லை என்பதைத்தான் சொல்வார். அந்த மனுஷனுக்குள் இவ்வளவு பெரிய காட்சி ஒன்று இத்தனை நாளாக இருந்திருக்கிறது. அவரை அண்ணாந்து பார்த்தேன்.

"போய்க் குளி" என்றார். கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

பிடியைத் தூக்கினேன். ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு உச்சந்தலையில் விழுந்தது. விழுந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. நூறு விரல்கள் ஒரே சமயத்தில் தொட்ட மாதிரி இருந்தது. வெதுவெதுப்பாக மயிர்க்கால் வரை இறங்கிக் காதோரம் வழிந்து முதுகில் ஓடியது. யாரும் ஊற்றவில்லை. நான் கையைத் தூக்கவில்லை. தண்ணீர் தானாக வந்துகொண்டே இருந்தது. தொட்டி உயரத்தில் இருக்கிறது, நான் தாழ்வில் நிற்கிறேன், அவ்வளவுதான் காரணம் என்று தெரியும். தெரிந்தும் உடம்பு சிலிர்த்தது. இடது கையால் சீயக்காயைத் தேய்த்தேன். அலசுவதற்குச் சொம்பைத் தேட வேண்டியிருக்கவில்லை. நுரை பழுப்பாகப் போய், வெள்ளையாகப் போய், பிறகு வெறும் தண்ணீராகப் போயிற்று. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

வெளியே வந்தபோது அவர் வாசலில் நின்று தொட்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டிச் சிமெண்டுத் தரை நனைந்தது.

"துண்டக் குடு" என்று வாங்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், அவரே துவட்டிவிட்டார்.